விடியும் வரை பேசிய லாங் ஜான்

ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்கிற பேச்சை ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. நாளைக்கு இன்டர்னல்ஸ் என்றுதான் ஆரம்பிக்கும். பத்து நிமிஷத்தில் ஏலியன் இருக்கா இல்லையா என்று போகும். அங்கிருந்து பேய், டெஸ்லாவின் காணாமல் போன நோட்டுகள், மனுஷன் உண்மையிலேயே நிலாவில் இறங்கினானா, பக்கத்து ரூம்காரனின் தாத்தா பார்த்த கொள்ளிவாய்ப் பிசாசு... வார்டன் செருப்புச் சத்தம் கேட்கும் வரை ஓடும்.

இதையே வேலையாகச் செய்து, அதற்குச் சம்பளமும் வாங்கி, அமெரிக்காவில் பல மாநிலங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்த ஒரு மனிதர் இருந்தார். லாங் ஜான் நெபல். நம்ம ஊரில் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனால் 1950களிலும் 60களிலும் நியூயார்க் பக்கம் இரவில் விழித்திருந்தவர்களுக்கு, அதாவது டாக்ஸி ஓட்டுபவர், நைட் ஷிஃப்ட் நர்ஸ், சும்மாவே தூக்கம் வராதவர் எல்லாருக்கும், அவர் குரல் வீட்டு ஆள் குரல் மாதிரி.

1911 ஜூன் 11 அன்று சிகாகோவில் பிறந்தார். நிஜப் பெயர் ஜான் சிம்மர்மேன். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. நியூயார்க் வந்து தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டினார், போட்டோ எடுத்தார், கடைசியில் விற்பனைக்கு வந்தார். அங்கேதான் அவருக்குத் தன் பலம் தெரிந்தது. நல்ல உயரம், ஒல்லி உடம்பு. 'லாங் ஜான்' என்ற பெயர் அதற்குப் பொருத்தம். நியூ ஜெர்சியில் ஏலக்கடை நடத்தினார். எதிரே நிற்கிற கூட்டத்தை நகரவிடாமல் பேசியே பொருளை விற்கிற ஆள். வாயாலேயே பிழைக்கத் தெரிந்தவருக்கு ரேடியோ வாசல் திறந்தது 1954-ல். அப்போது வயது 43. நமக்கெல்லாம் மூணாம் வருஷம் முடிவதற்குள் வாழ்க்கை செட்டில் ஆகணும் என்று அவசரம்.

நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். நிலையம் அவருக்குக் கொடுத்தது நள்ளிரவு தாண்டிய நேரம். விளம்பரக்காரர்கள் பெரிதாக மதிக்காத நேரம் அது. ஆனால் நம்ம இசிஇ மக்களுக்கு இதில் ஒரு விஷயம் பிடிபடும். அந்த நிலையம் 710 கிலோஹெர்ட்ஸில், 50,000 வாட் சக்தியில் ஒலிபரப்பியது. பகலில் மீடியம் வேவ் அலைகளை அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கான 'டி' லேயர் விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிட, அலைகள் மேலே இருக்கிற அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் இறங்கும். ஆன்டெனா பேப்பரில் ஸ்கை வேவ் என்று எட்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய நேரத்தில்தான் அந்த டிரான்ஸ்மிட்டரின் கை ரொம்ப நீளமாக இருந்தது. எங்கேயோ ஒரு ஊரில், இருட்டில் ரேடியோவைத் திருகுகிறவன் காதிலும் நெபல் விழுந்தார்.

என்ன பேசினார் என்று கேட்டால், என்ன பேசவில்லை என்று சொல்வது சுலபம். பறக்கும் தட்டு, ஹிப்னாடிஸம், பேய் வீடு, டெலிபதி, பூமிக்கு அடியில் ரகசிய நாகரிகம் இருப்பதாக நம்பும் ஆட்கள், வெள்ளிக் கிரகத்து மனிதரைப் பாலைவனத்தில் சந்தித்ததாகச் சொன்ன ஜார்ஜ் ஆடம்ஸ்கி. இவர்களோடு அதே மேஜையில் ஃப்ரெடரிக் போல், லெஸ்டர் டெல் ரே மாதிரி அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் குறுக்குக் கேள்வி கேட்க உட்கார்ந்திருப்பார்கள். டிவியில் நாட்டையே சிரிக்க வைத்த ஜாக்கி கிளீசன் அமானுஷ்ய விஷயங்களில் பைத்தியமாக இருந்தவர். அவரும் வந்து பேசுவார். நேயர்களின் போனை நேரடியாக ஒலிபரப்பிய முதல் சிலரில் நெபலும் ஒருவர். போனில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால்? அதற்கு டேப்பில் ஒரு தாமதம். ஒரு ஹெட் பதிவு செய்யும், சற்றுத் தள்ளி இருக்கிற இன்னொரு ஹெட் சில நொடி கழித்துப் படித்து வெளியே அனுப்பும். டேப் நொடிக்கு 7.5 இன்ச் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 நொடி வேண்டுமென்றால் ரெண்டு ஹெட்டுக்கும் நடுவே 52.5 இன்ச் டேப் சுற்றி வரணும். மைக்ரோகன்ட்ரோலர் எதுவும் இல்லாமல் வேலையை முடித்திருக்கிறார்கள்!

நெபல் வந்தவர்கள் சொன்னதில் பெரும்பாலானதை நம்பியவர் இல்லை. ஆனால் சிரித்து அனுப்பவும் மாட்டார். பேசவிடுவார். டிவி பேட்டி மாதிரி ஐந்து நிமிஷத்தில் முடிகிற சமாச்சாரமா இது? மணிக்கணக்கில் ஓடும். முதல் ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் நன்றாகக் கதை சொல்லலாம். விடிய விடிய அதே கதையைப் பிசிறில்லாமல் சொல்வது கஷ்டம். சந்தேகத்தை அவர் நேரத்திடம் ஒப்படைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏலக்காரர் புத்தி.

ஆனால் மைக்கைக் கொடுப்பதற்கு ஒரு விலையும் இருக்கு. ஓட்டிஸ் கார் கதையைச் சொல்றேன், இன்ஜினியரிங் படிக்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டியது. பால்டிமோரைச் சேர்ந்தவர். இளம் வயதில் நியூயார்க் ஹோட்டலில் வேலை பார்த்தபோது அங்கே தங்கியிருந்த டெஸ்லாவிடமே பாடம் கற்றதாகச் சொன்னார். 'யூட்ரான்' என்ற தன் கருவி ஈர்ப்பு விசையை வைத்தே மின்சாரம் எடுக்கும், அதை வைத்து ஓ.டி.சி. எக்ஸ்-1 என்ற வட்ட விமானம் பறக்கும், 1959 டிசம்பர் 7 அன்று நிலாவுக்கே போகும் என்றார். கூடவே கம்பெனி பங்குகளும் விற்றார். நெபல் நிகழ்ச்சியிலும் வந்து இதையெல்லாம் பேசினார்.

முதலில் ஆறடி மாதிரி ஒன்றைப் பறக்கவிடுவதாக அறிவிப்பு. இடம், ஓக்லஹோமா சிட்டியின் ஃப்ரான்டியர் சிட்டி என்ற கேளிக்கைப் பூங்கா. நாள், 1959 ஏப்ரல் 19. கூட்டம் சேர்ந்தது. நெபலும் நியூயார்க்கிலிருந்து கிளம்பிப் போனார். காரைக் காணோம், உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மெஷினிலும் ஏதோ கோளாறு. தட்டு தரையை விட்டு ஒரு அங்குலம் எழும்பவில்லை. நம்ம ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் எக்ஸ்டர்னல் வரும் நேரத்தில் மட்டும் எல்இடி எரியாதே, அந்த மாதிரி. என்ன, நாம யாருக்கும் ஷேர் விற்கவில்லை.

அதே வருஷம் நவம்பரில் காருக்கு ஒரு பேட்டன்ட் கிடைத்தது. விண்வெளிக் கப்பலில் போவது போல உணர வைக்கும் ஒரு பொழுதுபோக்குச் சவாரிக்கு! பிறகு, முறையாகப் பதிவு செய்யாத பங்குகளை விற்றதற்காக ஓக்லஹோமாவில் வழக்கு நடந்து குற்றவாளி என்று தீர்ப்பானது. நெபல் 1961-ல் 'தி வே அவுட் வேர்ல்டு' என்று ஒரு புத்தகம் போட்டார். தன் மேஜைக்கு வந்த இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றித்தான். கதை அவருக்குப் புத்தகமானது. பங்கு வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? நெபல் பக்கம் நின்று பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியை லேசாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேட்டுப் பார்ப்போமே என்று மைக் கொடுப்பது வேறு, அந்த மைக்கை வைத்து ஒருவன் தன்னை நம்பகமானவனாகக் காட்டிக்கொள்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் 7 நொடி தாமதம் வைக்க எந்த டேப்பும் கிடையாது.

1964-ல் நெபல் போட்டி நிலையமான டபிள்யூ.என்.பி.சி.க்கு மாறினார். பழைய இடத்தில் அவருடைய நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர் ஜேம்ஸ் ராண்டி. பின்னாளில் போலிச் சித்தர்களையும் ஸ்பூன் வளைப்பவர்களையும் மேடை மேடையாக அம்பலப்படுத்திய அதே மந்திரவித்தைக்காரர். அவர் நெபல் நிகழ்ச்சியில் வந்து போனவர்தான்.

கடைசிப் பகுதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1972 டிசம்பர் 31 அன்று நெபல், ஒரு காலத்தில் புகழ்பெற்ற மாடலாக இருந்த கேண்டி ஜோன்ஸைத் திருமணம் செய்தார். அவருக்குத் தூக்கமின்மை. நெபல் ஹிப்னாடிஸம் செய்து தூங்க வைக்கப் பார்த்தார். முறையாகப் படித்தவர் கிடையாது. நிகழ்ச்சிக்கு வந்த நிபுணர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அந்த மயக்கத்தில் மனைவிக்குள்ளிருந்து வேறொரு பெண்ணின் குரல் பேசியது. சி.ஐ.ஏ. தன் மனதைக் கட்டுப்படுத்தி ரகசியத் தூதராகப் பயன்படுத்தியது என்றது. நெபல் அதையெல்லாம் டேப் டேப்பாகப் பதிவு செய்தார். 1976-ல் டொனால்ட் பெய்ன் இதைப் புத்தகமாகவும் எழுதினார். நிரூபணம் எதுவும் வரவில்லை. ஹிப்னாடிஸத்தில் கேட்கிறவரின் எதிர்பார்ப்பே பொய் நினைவாக முளைத்துவிடலாம் என்பது தெரிந்த விஷயம். ஆனால் சி.ஐ.ஏ. மனிதர்கள் மேல் இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்தது உண்மை என்று அதே 70களில்தான் வெளியே வந்தது.

யோசிச்சுப் பாருங்க. இருபது வருஷமாக ஊரான் கதையை எல்லாம் ஒரு புருவத்தைத் தூக்கியபடி கேட்டவர். இப்போது கதை சொல்வது மனைவி, நேரம் அதே நள்ளிரவு, இடம் சொந்த வீடு. குறுக்குக் கேள்வி கேட்க மேஜையில் வேறு யாரும் இல்லை. நெபல் நம்பினார். அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்குப் பதில் தெரியலை.

அதற்குள் உடம்பில் புற்றுநோய் இருந்தது. 1973-ல் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையத்துக்கு மாறி, கேண்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ராத்திரிகளைத் தொடர்ந்தார். 1978 ஏப்ரல் 10 அன்று இறந்தார், வயது 66. நிகழ்ச்சி அதோடு நிற்கவில்லை. அதே நிலையத்தில், அதே நள்ளிரவில், கொஞ்ச காலம் கேண்டி தனியாக மைக் முன்னால் உட்கார்ந்து விருந்தாளிகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.