67,46,32,83,88,800: ராமானுஜன் பிடித்த எண்ணும், தவறவிட்ட எண்ணும்

ராமானுஜன் என்றதும் நமக்கு 1729தான் ஞாபகம் வரும். லண்டன் டாக்ஸி நம்பர் கதை. ஆனால், அவருக்கு கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது வேறு எண்கள். அதில் ஒன்றுதான் தலைப்பில் இருக்கும் 13 இலக்க எண்.

எஃப்.ஏ. ஃபெயில், 30 ரூபாய் சம்பளம்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனசு ஒட்டவில்லை, ஸ்காலர்ஷிப் போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பாஸாகவில்லை.

டிகிரி இல்லாமல் வேலை தேடி அலைந்தவருக்கு 1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில் கிளார்க் வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய். பேப்பருக்குக் காசு போதாது. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறிவிட்டார்.

அப்படி என்ன எண்?

10 இட்லியை 3 பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது. 12 இருந்தால் 2, 3, 4, 6 என எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்கலாம். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 24, 60 எல்லாம் இதே ரகம். ராமானுஜன் இவற்றுக்கு வைத்த பெயர் 'ஹைலி காம்போசிட்' எண்கள்.

1915-ல் வெளியான கட்டுரையில் இவற்றை வரிசையாகப் பட்டியல் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 காரணிகள்!

எண்ணிப் பார்க்காமல் எப்படித் தெரியும்? அந்த எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080.

பட்டமும் ஒரு சறுக்கலும்

போர்க்காலப் பண நெருக்கடியால் நீண்ட கட்டுரையை லண்டன் கணிதச் சங்கம் முழுசாக அச்சிடவில்லை. ஆனாலும் 1916 மார்ச்சில் இதற்காகவே கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் தந்தது. எஃப்.ஏ. தாண்டாதவருக்கு! 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார்.

அந்தப் பட்டியலில் ஒரு எண் விடுபட்டிருந்தது: 2,93,31,86,25,600. 5,040 காரணிகள் கொண்டது.

உடல்நலம் கெட்டு 1919-ல் சென்னை திரும்பியவர், சில மாதங்கள் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் இருந்தார். 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. அச்சாகாமல் நின்ற பகுதி 1997-ல்தான் வெளியானது.

இப்போது போனில் கால்குலேட்டரை எடுங்கள். அவர் விட்ட எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். வருவது, அவர் பட்டியலின் கடைசி எண்!