10 வெள்ளி தவணை

உதவி கொடுத்தா நம்ம ஆளுங்க சோம்பேறி ஆயிடுவாங்கன்னு நானும் பேசியவன்தான். துன் வீ.தி. சம்பந்தன் வாழ்க்கையைப் படித்ததும் அந்தப் பேச்சை விட்டுட்டேன்.

1919-இல் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ம.இ.கா. தலைவரானார், அமைச்சரானார். சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பால்மரம் வெட்டியவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். உழைக்காமலா இழந்தார்கள்?

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். அந்த ஏழைகள்தான் கட்டினார்கள். அவர்கள் காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1979-இல் மறைந்தார்.

எங்க பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான். இப்போ வேலையில்லாத நண்பனைப் பார்த்தா சோம்பேறின்னு சொல்ல வாய் வரல. எந்த வழியைத் திறந்துவிடலாம்னுதான் யோசிக்கிறேன். நீங்களும் யோசிங்க.