சாட்சி சொன்னதெல்லாம் நடந்ததா? – வில்லியம் ஸ்டெர்ன் (1871–1938)

பிள்ளைக்கு ஐ.க்யூ. எவ்வளவு என்று கேட்டுக் கவலைப்படும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். அந்தக் கணக்கை 1912இல் உலகுக்குக் கொடுத்த ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன். மனவயதை உடல்வயதால் வகுத்தார். அதை நூறால் பெருக்கியது பிறகு வந்த அமெரிக்கர்கள். ஒரு மனிதனை ஒற்றை எண்ணில் அடக்கிவிடுவதைப் பின்னாளில் அவரே எதிர்த்தார் என்பது வேறு கதை. இங்கே சொல்ல வந்தது அவர் நடத்திய ஒரு சின்ன ஆய்விதழைப் பற்றி. நான்கு ஆண்டுகள் கூடத் தாண்டாத அந்த இதழ், நீதிமன்றச் சாட்சிக் கூண்டைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது.

1871இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் ஸ்டெர்ன் பிறந்தார். நினைவாற்றலை முதன்முதலாகச் சோதனைக்கு உட்படுத்திய ஹெர்மன் எபிங்ஹவுஸிடம் பயின்று, 1897இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். (இன்று அது போலந்தில் இருக்கும் விராட்ஸ்வாஃப்.) சம்பளமோ பதவியோ பெரிதாக இல்லை. மதம் மாறாத யூதருக்கு முழுப் பேராசிரியர் நாற்காலி அந்நாளில் எளிதில் கிடைக்காது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே காலம் தள்ளினார்.

அங்குதான் அவருக்கு அந்தக் கேள்வி பிடிபட்டது. பொய் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். உண்மை என்று முழு மனதோடு நம்பித் தவறாகச் சொல்லும் சாட்சியை என்ன செய்வது? மாணவர்களுக்கு ஒரு படத்தை முக்கால் நிமிடம் காட்டினார். கண்டதை உடனே எழுதச் சொன்னார். சில நாள், சில வாரம் கழித்து மறுபடியும் எழுதச் சொன்னார். எதற்கெல்லாம் சத்தியம் செய்வீர்கள் என்றும் கேட்டார். பிழையில்லாத நினைவுதான் அபூர்வம் என்று தெரிந்தது. சத்தியத்துக்குத் தயாராக இருந்த வரிகளிலும் பிழை இருந்தது.

1901இல் பெர்லினில், குற்றவியல் அறிஞர் ஃபிரான்ஸ் ஃபான் லிஸ்ட்டின் வகுப்பில் ஒரு நாடகம் நடந்தது. விவாதத்தின் நடுவே இரண்டு மாணவர்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவன் கைத்துப்பாக்கியை உருவினான். குண்டு வெடித்த சத்தம். எல்லாம் முன்பே ஒத்திகை பார்த்தது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பார்த்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். மிகக் குறைவாகத் தவறியவரின் கணக்கிலேயே நூற்றுக்கு 26 பிழைகள். மிக மோசமானவருக்கு 80. பதற்றம் கூடிய பிற்பகுதியில்தான் தவறுகளும் கூடின. வாயே திறக்காதவர்கள் பேசியதாகச் சிலர் எழுதினார்கள். இவர்கள் சந்தையில் வேடிக்கை பார்த்தவர்கள் அல்லர், சட்டம் படித்தவர்கள்!

இதையெல்லாம் எங்கே வெளியிடுவது? சட்ட இதழ்களுக்கு உளவியல் அந்நியம். உளவியல் இதழ்களுக்கு நீதிமன்றம் அந்நியம். ஸ்டெர்ன் தாமே 1903இல் ஓர் இதழைத் தொடங்கினார். சாட்சியத்தின் உளவியலுக்கான பங்களிப்புகள் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். நீதித்துறையோடு கல்வி, மனநோய் மருத்துவம், வரலாற்று ஆய்வு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டார். இதில் வரலாற்றைச் சேர்த்ததுதான் எனக்கு வியப்பு. கல்வெட்டையும் நாட்குறிப்பையும் நம்பும் வரலாற்றாசிரியனும் ஒரு சாட்சியை நம்புகிறவன்தானே. துப்பாக்கி நாடகத்தின் விவரத்தை யாஃபா என்பவர் எழுத, முதல் தொகுதியிலேயே அது வெளிவந்தது.

வகுப்பறைப் படத்தில் கண்ட பிழையை வைத்துக் கொலை வழக்கை எடைபோடலாமா என்று சட்டத்தரப்பில் முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான். ஸ்டெர்ன் சோதனைகளை வாழ்க்கைக்கு அருகே கொண்டுபோக முயன்றார். ஒருநாள் அவருடைய வகுப்புக்குள் ஓர் அந்நியர் வந்து, ஓர் உறையைக் கொடுத்து, புத்தக அலமாரியைப் பார்வையிட்டுவிட்டுப் போனார். எட்டு நாள் கழித்து, வந்தவர் எப்படி இருந்தார் என்று மாணவர்களைக் கேட்டார்கள். பதில்களை ஊகித்துக்கொள்ளலாம்.

1906உடன் இதழ் நின்றது. அடுத்த ஆண்டே ஓட்டோ லிப்மனோடு சேர்ந்து பயன்பாட்டு உளவியலுக்கான பெரிய இதழைத் தொடங்கி, கால் நூற்றாண்டு நடத்தினார். 1909இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகம் ஃபிராய்டையும் யுங்கையும் அழைத்த அதே விழாவுக்கு இவரையும் அழைத்தது. ஃபிராய்டின் புகழ் வெளிச்சத்தில் இவர் அங்கே சாட்சியத்தைப் பற்றிப் பேசியது மறைந்துபோயிற்று.

1916இல் ஹாம்பர்க் சென்றார். போர் முடிந்து திரும்பிய இளைஞர்களுக்கு வகுப்புகள் நடத்த முன்கை எடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதிலிருந்துதான் 1919இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் பிறந்தது. பாலியல் வழக்குகளில் சாட்சி சொல்லும் சிறுவர் சிறுமியரைப் பற்றி 1926இல் நூல் எழுதினார். ஒரே குழந்தையை ஆள் மாற்றி ஆள் திரும்பத் திரும்ப விசாரிப்பதும், விடையை உள்ளே வைத்துக் கேள்வி கேட்பதும் கூடாதென்றார். உளவியல் தெரிந்தவர் தொடக்கத்திலேயே குழந்தையைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. தம் மூன்று பிள்ளைகளின் பேச்சையும் மனைவி கிளாராவும் அவரும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த நாட்குறிப்புகள் அவருக்குத் துணை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் தத்துவ எழுத்தாளராக அறியப்பட்ட குந்தர் ஆண்டர்ஸ், ஹன்னா ஆரெண்ட்டின் முதல் கணவர்.

1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. ஸ்டெர்ன் தாம் கட்டிய ஆய்வுக்கூடத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. பதவி போயிற்று, இதழும் போயிற்று. அவருடைய உதவியாளர் மார்த்தா முகோவ் அந்த ஆண்டு செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். லிப்மனும் அக்டோபரில் இறந்தார். ஸ்டெர்ன் முதலில் ஹாலந்துக்கும் பிறகு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அறுபது வயதைத் தாண்டி, வேற்று மொழியில் மறுபடியும் ஆசிரியர் வேலை. அவருடைய பெரிய உளவியல் நூல் 1935இல் ஜெர்மன் மொழியிலேயே வந்தது, ஆனால் ஹாலந்தின் ஹேக் நகரில் அச்சாகி. 1938 மார்ச்சில் வட கரோலினாவின் டர்ஹமில் காலமானார்.

1954இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், வழக்கு ஒரு குழந்தையின் சாட்சியத்தையே பெரிதும் நம்பி நிற்கும்போது உளவியல் நிபுணரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போது ஸ்டெர்ன் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.