எந்த மொழியைக் கற்பது?

பனிச்சங்கேணியிலிருந்து வெளிநாடு செல்ல எண்ணும் உங்கள் பிள்ளை எந்த மொழியைக் கற்பது என்று கேட்டால், தனிநாயகம் அடிகளாரின் வாழ்வை எடுத்துச் சொல்லுங்கள்.

1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்த அவர், ஆங்கிலவழியிலே கற்று, உரோமையில் பயின்று, 1938இல் குருவானார். வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணிபுரிகையில்தான் தமிழை ஆழ்ந்து கற்றார். அதன்பின் பிறமொழிகளை அவர் நாடியது, தமிழின் பெருமையைப் பிறர்க்கு உணர்த்தவும், பிறநாடுகளில் கிடந்த தமிழ்ச் செல்வத்தைத் தேடவுமே.

போர்த்துக்கேயம் அறிந்திருந்தமையால், 1679இல் அச்சான புரோயன்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் அருமை அவருக்கு விளங்கிற்று. வத்திக்கான் நூலகத்திலிருந்த அப்பிரதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். 1980இல் இறைவனடி சேர்ந்தார்.

பிழைப்புக்காக ஒரு மொழி கற்பது குற்றமன்று. ஆயினும் தாய்மொழியில் வேரூன்றாதவன் அயல்மொழியில் எதைத்தான் எடுத்துரைப்பான்? சிந்தியுங்கள்.