மூன்று பிள்ளைகளும் ஒரு வியாகுலப் பாடலும்

மேலைத்தேய இசையை நான் முறையாகக் கற்றவன் அல்ல. துவோர்ஷாக்கின் ‘ஸ்டாபாட் மாட்டர்’ தற்செயலாகத்தான் காதில் விழுந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் நீளும் படைப்பு. முதல்நாள் பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு அதை எழுதியவரின் கதையை வாசித்தேன். அதன்பின் முழுவதையும் ஒரே இருப்பில் கேட்டேன்.

அன்ரனின் துவோர்ஷாக் 1841 செப்டெம்பர் 8ஆம் திகதி பிராக் நகருக்கு வடக்கேயுள்ள நெலாஹோசெவெஸ் கிராமத்தில் பிறந்தவர். செக் மக்களின் நிலம் அப்போது ஒஸ்ரியப் பேரரசின் கீழ் இருந்தது. தகப்பன் இறைச்சிக்கடைக்காரர், சிறு விடுதியும் நடத்தினார். மகன் பிராக்கில் ஓகன் படித்தார். பின்னர் நாடக அரங்கொன்றின் வாத்தியக் குழுவில் ஒன்பது வருடங்கள் வயோலா வாசித்தார். 1873இல் அன்னாவைத் திருமணம் செய்தார். தேவாலயத்தில் ஓகன் வாசித்தும், இசை சொல்லிக்கொடுத்தும் குடும்பத்தைக் கொண்டுபோனார்.

1875 ஓகஸ்டில் யோசெஃபா பிறந்தாள். இரண்டு நாளில் இறந்துபோனாள். அடுத்த பெப்ரவரியில் துவோர்ஷாக் இந்தப் படைப்பைத் தொடங்கினார். சிலுவையடியில் மகனைப் பார்த்தபடி நிற்கும் மரியாளைப் பற்றிய பழைய இலத்தீன் செபப்பாடல் அது. எங்கள் கத்தோலிக்கச் சனங்கள் வியாகுல மாதா என்று வணங்கும் அதே தாய். ஏழு பகுதிகளை, பியானோவுடன் பாடும்படி எழுதி, மே மாதத்தில் வைத்துவிட்டார். வேறு வேலைகள் வந்தன. கட்டு அப்படியே கிடந்தது.

மூன்று பிள்ளைகளும் போனபின் எழுதியது என்றே பலரும் சுருக்கிச் சொல்கிறார்கள். அப்படி அல்ல; பாதிக்கு மேல் முன்னரே எழுதப்பட்டிருந்தது.

1877 ஓகஸ்ட் 13. பதினொரு மாதக் குழந்தை ரூஷெனா, தவறுதலாகப் பொசுபரசுக் கரைசலைக் குடித்து இறந்தாள். நான்கு கிழமை முடியுமுன், செப்டெம்பர் 8ஆம் திகதி, மூன்றரை வயது ஒட்டகாரைப் பெரியம்மை கொண்டுபோனது. அன்று தகப்பனுக்கு 36ஆவது பிறந்தநாள். வீட்டில் பிள்ளை என்று எவரும் மிஞ்சவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில்தான் கிடந்த கட்டை அவர் திரும்ப எடுத்தார். புதிதாக மூன்று பகுதிகள் சேர்த்தார். பியானோ இருந்த இடத்தில் முழு வாத்தியக் குழுவையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி வரியாகச் சுரம் எழுதவேண்டும். கை உளையும் வேலை. நவம்பர் 13ஆம் திகதி முடித்துவிட்டார். ஒட்டகார் இறந்து இரண்டு மாதமும் சொச்ச நாளும். அந்த நாட்களில் அவர் மேசையில் குனிந்திருந்த காட்சியே எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

முதற்பகுதி ஒரே சுரத்தில் தொடங்குகிறது. வாத்தியங்கள் அதைக் கீழிருந்து மேலே கொண்டுபோகின்றன. பிறகு இசை அரை அரைச் சுரமாக இறங்குகிறது. இந்தப் பகுதி மட்டுமே இருபது நிமிடத்துக்குக் கிட்ட. துக்கத்தை யாரும் அவசரப்படுத்தவில்லை. பத்தாவது, கடைசிப் பகுதியில் அதே தொடக்கம் திரும்ப வருகிறது. பிறகு ஆமென் என்ற சொல்லில் எல்லாம் வெளிச்சமாகிவிடுகிறது. உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் கோபமே வந்தது. இவ்வளவு கெதியில் எப்படி? இரண்டாம் முறை கேட்டபோதுதான், அந்த ஆரவாரத்துக்குப் பிறகு இசை மெல்ல அடங்கிப்போவதைக் கவனித்தேன்.

பிராக்கில் 1880 டிசெம்பர் 23ஆம் திகதி இது முதன்முறையாக அரங்கேறியது. 1884 மார்ச்சில் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில், எண்ணூறுக்கு மேற்பட்ட பாடகர்களை வைத்து அவரே நடத்தினார். இங்கிலாந்தில் அவர் பெயர் பரவியது அதிலிருந்துதான். பிறகு நியூயோர்க், புகழ்பெற்ற ‘புதிய உலகம்’ சிம்பொனி எல்லாம் வந்தன. 1904 மே முதலாம் திகதி பிராக்கில் காலமானார்.

அன்னாவுக்கும் அவருக்கும் பின்னர் ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். 1885இல் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஒட்டகார் என்றே பெயர் வைத்தார்கள்.