முந்தல் சேறும் வினோகிராட்ஸ்கியும்

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. கைவிடப்பட்ட இறால் குளமொன்றின் அடியிலிருந்து அள்ளிய கறுப்புச் சேறு, கிழித்துப்போட்ட பழைய பத்திரிகைத் துண்டுகள், ஒரு முட்டை மஞ்சட்கரு, மேலே முந்தல் வாவித் தண்ணீர். வைத்து மூன்று மாதமாகிறது. அடியில் கரி நிறம், நடுவில் ஊதாப் படலம், உச்சியில் பாசிப் பச்சை. நாற்றம் தாங்காமல் அம்மா இரண்டு முறை அதை வெளியே வைத்துவிட்டார். இரண்டு முறையும் நான் திரும்ப எடுத்து வந்தேன்.

இப்படிச் சேற்றை அடைத்து வைத்து நுண்ணுயிர்களைக் கவனிக்கும் முறைக்கு செர்ஜி வினோகிராட்ஸ்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் படித்தது ஊடகக் கற்கை. விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்துபோனது. அவரைத் தேடிப் படிக்க வைத்தது மாமாவின் குளம்.

1996இல் வெண்புள்ளி நோய் புத்தளம் மாவட்டத்து இறால் பண்ணைகளைக் கவிழ்த்த கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பயத்தில்தான் குளத்துக்குத் தண்ணீர் ஏற்றியதும் குளோரீன் போடுகிறார்கள். மாமாவும் போட்டார். வைரஸ் வரவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம் அமோனியா ஏறியது, ஒரே இரவில் இறால் கரையில் ஒதுங்கியது. விதைக்காக வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை.

இறாலுக்குப் போடும் தீனியில் உள்ள நைதரசனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேல் இறாலின் உடம்பில் சேர்வதில்லை. மிச்சம் தண்ணீருக்குத்தான் போகிறது, பெரும்பாலும் அமோனியாவாக. நகரத்துக் கழிவுநீரிலும் இதே சிக்கல்தான். அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் இருக்கின்றன. குளோரீன் வைரஸோடு சேர்த்து இவற்றையும் கொன்றுவிடும். இவை திரும்பப் பெருக ஏன் இவ்வளவு நாளாகிறது என்பதற்கான விடை வினோகிராட்ஸ்கியின் வாழ்க்கையில் இருந்தது.

1856இல் கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார், அது பிடிக்கவில்லை. பிறகு பியானோ கற்க சென் பீட்டர்ஸ்பேர்க் இசைக் கல்லூரிக்குப் போனார், அதையும் விட்டார். 1877இல் அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானத்தில் சேர்ந்த பிறகுதான் ஓரிடத்தில் நின்றார். இருபது வயது வரை எதிலும் நிலைக்காத பிள்ளைகளை வைத்துக் கவலைப்படும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

1885இல், அப்போது ஜேர்மனியின் கையிலிருந்த ஸ்ட்ராஸ்பேர்க்குக்குப் போய், அன்ரன் டி பாரியின் ஆய்வுகூடத்தில் கந்தகப் பற்றீரியாக்களைப் பார்த்தார். கந்தகத்தை ஒட்சியேற்றி அதிலிருந்தே அவை சக்தி பெறுவதை 1887இல் காட்டினார். அடுத்த ஆண்டு டி பாரி இறந்தார். வினோகிராட்ஸ்கி சூரிச்சுக்குப் போய் அமோனியாவைக் கையிலெடுத்தார்.

அதற்கு முன்பே, 1877இல், ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை ஊற்றிப் பார்த்திருந்தார்கள். ஏறத்தாழ இருபது நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு அமோனியா நைத்திரேற்றாக மாறத் தொடங்கியது. குளோரோபோம் ஆவியை விட்டதும் நின்றுபோனது. ஆக, வேலையைச் செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று. ஆனால் அந்த உயிரைத் தனியே பிடிக்க யாராலும் முடியவில்லை.

காரணம் வேடிக்கையானது. அந்தக் காலத்தில் பற்றீரியாவை வளர்க்க ஜெலற்றின், இறைச்சிச் சாறு என்று விருந்து வைப்பார்கள். விருந்துக்கு வேறு பற்றீரியாக்கள் முந்தி வந்துவிடும். வினோகிராட்ஸ்கி விருந்தை நிறுத்தினார். அமோனியா உப்பு, சில கனிமங்கள், மக்னீசியம் காபனேற்று, தண்ணீர். சேதன உணவு துளியும் இல்லை. அதில் பெருகியதைக் கொஞ்சம் ஜெலற்றின் தட்டில் இட்டு, எதுவுமே முளைக்காததாகத் தெரிந்த இடங்களிலிருந்து எடுத்துத் திரும்ப வளர்த்தார். மற்றவர்கள் கழுவி ஊற்றியிருக்கும் வெறுந்தட்டில்தான் 1890இல் அவர் தேடியது கிடைத்தது. பிறகு ஜெலற்றினுக்குப் பதிலாகச் சிலிக்கா கூழைப் பயன்படுத்தினார். அமோனியாவை நைத்திரைற்றாக்குவது ஒரு கூட்டம், அதை நைத்திரேற்றாக்குவது வேறொரு கூட்டம் என்பதும் தெளிவானது.

இந்தப் பற்றீரியாக்கள் வெளிச்சமில்லாமலேயே காபனீரொட்சைட்டிலிருந்து தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. ஒரு பங்கு காபனைச் சேர்க்க ஏறத்தாழ 35 பங்கு நைதரசனை ஒட்சியேற்ற வேண்டியிருக்கிறது என்று அவர் அளந்தார். என்னைப் பிடித்து நிறுத்திய எண் இதுதான். இவ்வளவு உழைத்தும் மிஞ்சுவது இவ்வளவுதான் என்றால் பெருக்கம் மெதுவாகத்தானே இருக்கும்? சாதாரண பற்றீரியா அரை மணித்தியாலத்தில் இரட்டிக்கும் இடத்தில் இவற்றுக்கு ஒரு நாள் போலத் தேவைப்படலாம். மாமாவின் ஐந்து வாரம் எனக்குப் புரிந்தது.

1914இல் மன்செஸ்ரரில் ஆர்டேனும் லொக்கெற்றும் காற்றூட்டிய கழிவுநீரில் படிந்த சேற்றைக் கொட்டாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். முதலில் வாரக்கணக்கில் எடுத்த நைத்திரேற்றாக்கம் மணித்தியாலக் கணக்குக்கு வந்தது. மெதுவாக வளர்கிறவற்றை வெளியே ஓடவிடாமல் வைத்திருப்பதே இன்றும் சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படை. பிறகு ஒட்சிசன் இல்லாத தொட்டியில் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி விடுகின்றன. ஒரு கிராம் அமோனியா நைதரசனை முழுதாக ஒட்சியேற்ற நாலரைக் கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும், மின்கட்டணம் அங்கேதான் ஏறுகிறது. அமோனியாவையும் நைத்திரைற்றையும் நேரே வாயுவாக்கும் பற்றீரியாக்கள் 1990களில் நெதர்லாந்தில் அகப்பட்டபோது பொறியியலாளர்கள் அவற்றின் பின்னால் ஓடியது அதனால்தான். 2015இல் இரண்டு படிகளையும் தனியாகவே செய்யும் பற்றீரியாவும் கிடைத்துவிட்டது. கிழவருக்கு அது தெரியாமலே போனது.

கிழவர் என்றேன். 1905இல் சென் பீட்டர்ஸ்பேர்க் ஆய்வு நிறுவகத்தை விட்டு விலகி, பிறகு உக்ரேனில் தன் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்சியில் அது போனது. 1920இல் ஒடெசாவிலிருந்து கப்பலேறினார், வயது 63. பெல்கிரேடில் கொஞ்ச காலம் படிப்பித்தார். 1922இல் பஸ்தர் நிறுவகம் அழைத்தது. பாரிஸுக்கு வெளியே பிரி-கொன்ட்-ரொபேர் என்ற சிற்றூரில் ஆய்வுகூடம் வைத்து மண்ணின் நுண்ணுயிர்களை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார். மகள் ஹெலன் கூட வேலை செய்தார். மண் நுண்ணுயிரியல் பற்றிய பெரிய நூல் 1949இல் வந்தது. 1953 பெப்ரவரியில், 96 வயதில் இறந்தார்.

எங்கள் வாவியை ஒல்லாந்தர் கால்வாய் தெற்கே சிலாபத்தோடும் வடக்கே புத்தளம் களப்போடும் இணைக்கிறது. ஒரு பண்ணை வெளியே விடும் தண்ணீரை அடுத்த பண்ணை உள்ளே ஏற்றுகிறது. அமோனியாவும் சேர்ந்துதான் பயணம் போகிறது. ஒவ்வொரு பண்ணையும் தன் தண்ணீரைப் படியவிட்டு, சுத்தப்படுத்தி வெளியேற்ற ஒரு துண்டு இடம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னால், அந்த இடத்திலும் இன்னொரு குளம் வெட்டலாமே என்றுதான் கணக்குப் போடுகிறோம். மாமாவும் அப்படித்தான் போட்டிருந்தார்.

இந்த முறை அவர் சின்னத் தொட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறார். குளோரீன் போட்டு, அது முழுக்கப் பறந்துபோன தண்ணீர், கழுவிக் காயவைத்த சிப்பி ஓடுகள், ஒரு பிடி அமோனியம் சல்பேற்று, காற்றுக் குழாய். குளத்துத் தண்ணீரை இதன் வழியே சுற்றவிடுவது யோசனை. அதற்குமுன் தொட்டியில் அமோனியா விழ வேண்டும், நைத்திரைற்று ஏறி அதுவும் விழ வேண்டும். அதுவரை இறால் விதைக்குப் பணம் கட்டுவதில்லை என்று மாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பதினேழாம் நாள் நேற்று. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நிறம் மாறவில்லை.