காட்டுச் சிறுவனும் காது மருத்துவரும்

ஒரு குழந்தைக்குக் காது கேட்கிறது. ஆனால், அது பேசவில்லை. குறை காதிலா, மூளையிலா, வளர்ந்த சூழலிலா? இந்தக் கேள்விக்குச் சோதனைகளின்வழி விடை தேடிய முன்னோடிகளுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்க் கஸ்பார் இத்தார்.

இத்தார் 1774ஆம் ஆண்டு தென் பிரான்சில் பிறந்தார். வங்கியில் வேலை பார்த்துவந்த அவரது பாதையைப் பிரெஞ்சுப் புரட்சி மாற்றியது. மருத்துவக் கல்வி ஏதுமின்றி ராணுவ மருத்துவமனையில் சேர்ந்த அவர், பணியில் இருந்தபடியே மருத்துவம் கற்றார். 1800ஆம் ஆண்டின் இறுதியில், 26 வயதில், பாரிஸ் செவிப்புலனற்றோர் பள்ளியின் மருத்துவரானார். அங்கு அவருக்காக ஒரு புதிர் காத்திருந்தது.

காட்டிலிருந்து வந்தவன்

அதே ஆண்டு ஜனவரியில், அவேரோன் வட்டாரத்தின் காட்டுப் பகுதியிலிருந்து சிறுவன் ஒருவன் பிடிபட்டான். ஏறத்தாழ 12 வயது. உடலெங்கும் தழும்புகள். பேச்சு இல்லை. பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட அவனைப் புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஃபிலிப் பினெல் பரிசோதித்தார். அறிவு வளர்ச்சி குன்றிய இவனைக் கற்பித்துத் திருத்த இயலாது என்பது அவரது முடிவு.

இளைஞரான இத்தார் அதை ஏற்கவில்லை. மனிதரோடு பழகும் வாய்ப்பு இல்லாததே சிறுவனின் நிலைக்குக் காரணம் என்று அவர் நம்பினார். அவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

அவர் முதலில் கவனித்தது சிறுவனின் செவியை. பின்னால் துப்பாக்கி வெடித்தாலும் அவன் அசையவில்லை. ஆனால், அவன் விரும்பி உண்ணும் வால்நட் கொட்டை மெல்ல உடைந்தால் உடனே திரும்பிப் பார்த்தான். அவன் செவிடன் அல்லன் என்பது இதனால் தெளிவானது. காட்டில் உயிர் வாழ உதவிய ஓசைகளுக்கு மட்டுமே அவன் மனம் பழகியிருந்தது. ஓசை காதில் விழுவது வேறு, அதை மனம் பொருளோடு வாங்கிக்கொள்வது வேறு என்பதை இத்தார் உணர்ந்தார்.

மனிதப் பேச்சில் 'ஓ' என்ற ஒலிக்கு மட்டும் சிறுவன் தலை திருப்பினான். அதனால், அந்த ஒலி அழுத்தமாக வரும் 'விக்டோர்' என்ற பெயரை அவனுக்குச் சூட்டினார்.

ஐந்தாண்டுப் பாடம்

விக்டோரின் கண்ணைக் கட்டிவிட்டு மணியோசையையும் முரசொலியையும் பிரித்தறியப் பழக்கினார். அடுத்து, உயிரெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை உயர்த்தச் சொன்னார். விக்டோருக்கோ கண்கட்டு ஒரு விளையாட்டு. சிரித்தபடி எல்லா விரல்களையும் உயர்த்தினான். பொறுமையிழந்த இத்தார், முரசுக் குச்சியால் அவன் விரல்களில் தட்டினார். சிரிப்பு அச்சமாக மாறியது. அதன்பின் அந்தப் பாடத்தைத் தொடரவே முடியவில்லை. இதை இத்தார் மறைக்காமல் தம் அறிக்கையில் எழுதிவைத்தார்.

தனித்தனி எழுத்து வில்லைகளைக் கொண்டு விக்டோர் பிரெஞ்சு மொழியில் 'பால்' என்ற சொல்லை அமைக்கக் கற்றான். சில எழுதிய சொற்களைப் பொருளோடு புரிந்துகொண்டான். ஆனால், வாயால் பேசும் ஆற்றல் ஓரிரு சொற்களைத் தாண்டவில்லை.

அன்றாடம் அவனைப் பராமரித்தவர் கெரேன் அம்மையார். அவருடைய கணவர் இறந்த சமயத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. வழக்கம்போல் விக்டோர் கணவருக்கும் சேர்த்துச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்தான். அம்மையார் அழுவதைக் கண்டதும் அதை எடுத்து உள்ளே வைத்தான். பிறகு ஒருபோதும் அதை மேசையில் வைக்கவில்லை. திருத்த இயலாதவன் எனப்பட்ட சிறுவன், பிறர் துயரைப் புரிந்துகொண்டான்.

1801இலும் 1806இலும் இத்தார் எழுதிய இரண்டு அறிக்கைகள் உலகப் புகழ் பெற்றன. எனினும் பேச்சு வராததால் அவர் பாடங்களை நிறுத்தினார். அம்மையாரின் பராமரிப்பிலேயே வாழ்ந்த விக்டோர் 1828இல் இறந்தான்.

அவன் ஏன் பேசவில்லை? பிறவிக் குறையா, மொழி கற்கும் பருவம் கடந்துவிட்டதா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் பள்ளியின் மாணவர்கள் சைகை மொழியில் சரளமாக உரையாடினர். விக்டோருக்கு அதை முறையாகக் கற்றுத்தர இத்தார் முனையவில்லை. வாய்ப்பேச்சு ஒன்றே மொழி என்ற எண்ணம் அவர் கண்ணை மறைத்தது எனலாம்.

செவியியலின் தொடக்கம்

இத்தார் ஆய்வைக் கைவிடவில்லை. ஓசையின் அளவைக் கட்டுப்படுத்திக் கேட்கும் திறனை அளக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார். செவிடர் எனப்பட்ட குழந்தைகள் பலருக்குச் சிறிதளவு செவித்திறன் எஞ்சியிருப்பதைக் கண்டு, அதைப் பயிற்சியால் கூர்மைப்படுத்த முயன்றார். 1821இல் காது நோய்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

அவரது வாழ்வில் இருண்ட பக்கமும் உண்டு. கேளாமையைக் குணப்படுத்தும் ஆர்வத்தில், செவிப்பறையைத் துளைப்பது உட்படக் கடும் வலி தரும் சிகிச்சைகளை மாணவர்களிடம் செய்துபார்த்தார். பலன் கிட்டவில்லை. இன்று குழந்தைகளை ஆய்வில் ஈடுபடுத்தப் பெற்றோரின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவை. அத்தகைய விதிகள் ஏன் வேண்டும் என்பதற்கு இச்சம்பவங்களே சான்று.

1838இல் இத்தார் காலமானார். அவரிடம் வழிகாட்டுதல் பெற்ற எடுவார் செகேன், அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான கல்வியை வளர்த்தெடுத்தார். இருவரின் நூல்களையும் மரியா மொன்டசோரி இத்தாலியத்தில் மொழிபெயர்த்துத் தம் கைப்படவே எழுதிக் கற்றார். இன்றைய மொன்டசோரி வகுப்புகளில் பிள்ளைகள் தொட்டுத் தடவி எழுத்துப் பழகும் முறைக்குப் பின்னால் விக்டோரின் எழுத்து வில்லைகளும் இருக்கின்றன.

பிறந்த சில நாள்களிலேயே குழந்தையின் செவித்திறனைச் சோதிக்கும் வழக்கம் இப்போது பல நாடுகளில் உள்ளது. பேச்சாக இருந்தாலும் சைகையாக இருந்தாலும், மொழி மூளையை இளமையிலேயே சென்றடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். செவியியல், பேச்சு சிகிச்சை, மூளை ஆய்வு ஆகிய துறைகளில் கால்பதிக்க விரும்பும் இளையர் இத்தாரின் வாழ்விலிருந்து இரண்டைக் கற்கலாம். கைவிடப்பட்ட குழந்தையிடமும் கற்கும் திறன் உண்டு என்று நம்பியது முதலாவது. தாம் தோற்ற இடத்தையும் எழுதிவைத்தது இரண்டாவது. அடுத்து வந்தவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.